கர்தினாலின் தொப்பியும் மூன்று மூட்டை அரிசியும்

விமான நிலையத்துக்குச் சாமி வரவில்லை. ஆள் அனுப்பியிருந்தார்.

சாமி என்றால் என் கணவரின் அண்ணன். பிரான்சில் வெகுகாலமாகக் கத்தோலிக்கக் குருவாக இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரும் அவரை முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூடப்பிறந்த தம்பிக்கும் அவர் சாமிதான். பாரிசில் புதுச்சேரிக்காரர்களுக்கு வாடகை வீடா, வேலையா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமா, எல்லாவற்றுக்கும் அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். நானும் அவர் பிடித்துக் கொடுத்த அறையில்தான் தங்கப்போகிறேன் என்பது, வந்திருந்த அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மாள் பெயர் மதாம் லூர்து. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாரிசில் மார்க்ஸ் டோர்முவா பக்கம் நாலாவது மாடி வீடு, லிப்ட் கிடையாது. பெட்டியை என்னிடமிருந்து பிடுங்கி அவரே தூக்கிக்கொண்டு ஏறினார்.

"பிள்ளையப் பாக்கணும்," என்றேன்.

"நாளைக்குப் பாக்கலாம். சாமி நேரம் சொல்லியிருக்காரு."

"எம் பிள்ளையப் பாக்க எனக்கு நேரம் குடுக்கிறாரா?"

மதாம் லூர்து வடகம் தாளித்த மீன் குழம்பை எடுத்து வைத்தார். குழம்பு எங்கள் ஊர்க் குழம்பேதான். அதில் தோய்த்துத் தின்னக் கடை அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த நீள ரொட்டி. புதுச்சேரி ரொட்டிக் கடையில் இந்த ருசி வருவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பசி இருந்தும் இரண்டு துண்டுக்கு மேல் இறங்கவில்லை.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் இல்லை. என் இளைய மகன் பாஸ்கால், இருபது வயது. பொறியியல் படிக்கச் சாமியின் பொறுப்பில் அனுப்பினோம். அவன் படிப்பை விட்டுவிட்டுப் பாரிசை ஒட்டிய சென் தெனியில் சாமியின் குருமனையிலேயே தங்கியிருக்கிறான், வருகிற ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் அவன் குருவாகப் படிக்கக் குருமடத்தில் சேரப்போவதை அறிவிப்பேன் என்று சாமி எழுதியிருந்தார். எங்களைக் கேட்கவில்லை; தெரிவித்தார்.

காரணமாக அவர் சொன்னது நேர்த்தி. மூத்தவன் அலெக்சிஸ் குழந்தையாக இருந்தபோது விஷக்காய்ச்சல். பிழைத்தால் ஒரு பிள்ளையைக் கோயிலுக்குத் தருகிறேன் என்று என் கணவர் வேண்டிக்கொண்டு அவனை அந்தோனியாருக்கு அடிமை வைத்தார். எனக்கு அவர் சொன்னதே பிறகுதான். மூத்தவன் வளர்ந்து குருமடத்துக்குப் போனான், பிடிக்காமல் திரும்பி வந்தான், சென்ற வருடம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணம் முடிந்த சில மாதங்களில் என் கணவருக்கு மாரடைப்பு. கூடத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டின் மேலேயே சாய்ந்தார். உயிர் தப்பி இப்போது வீட்டோடு கிடக்கிறார். அந்தத் தட்டு விழுந்த சத்தம் இன்னும் என்னை விடவில்லை. சாமி தொலைபேசியில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நேர்த்தி நிக்குது, தெரேஸ். வீட்டு மேல நிக்குது."

மூத்தவன் நழுவிய இடத்துக்கு இளையவன். இந்தக் கதையை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன். படித்தது மட்டுமா, புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் பாடமாகவும் நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் சென் தெனிக்குப் போனேன். குருமனை வாசலில் வரிசை நின்றது. கையில் கடித உறையோடு கிழவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண், யாழ்ப்பாணத்துப் பையன்கள் இரண்டு பேர். உள்ளே கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் சாமியோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நகராட்சி மன்றத்து ஆளாம். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய புதுச்சேரிக்காரர்களுக்கு ஓட்டு இருக்கிறது, அந்த ஓட்டுகள் எந்தப் பக்கம் என்பது சாமிக்குத் தெரியும். அந்த ஆள் எழுந்து போகும்போது பிரெஞ்சில் சொன்னது என் காதில் விழுந்தது: "உங்கள் மக்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, பாதிரியாரே. உங்களைப் பற்றித்தான் கவலை. உங்களுக்குப் பிறகு யாரிடம் பேசுவேன்?"

சாமி சிரித்தபடியே கதவருகே நின்ற என் பிள்ளையைக் காட்டினார்.

பாஸ்கால் மெலிந்திருந்தான். கட்டிப்பிடித்தபோது முதுகெலும்பு கையில் தட்டியது. "அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குச் சாமியின் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிய ஆரம்பித்தது.

சாமியின் மேசைக்கு மேலே ஒரு படம். சிவப்பு அங்கி, கூரான தாடி, ஆளுயரத்துக்கு நிற்கும் கர்தினால். நானூறு வருடத்துக்கும் முன்னால் பிறந்து, பிரெஞ்சு மன்னனுக்கு முதலமைச்சராக இருந்து நாட்டையே கைக்குள் வைத்திருந்தவர். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தெருவுக்கும் மாளிகைக்கும் ஒரு முழு ஊருக்கும் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள், அது போதும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் நான் சொல்லாமலே தெரியும்.

சாப்பாட்டின்போது சாமி அந்தப் படத்தைக் காட்டி என் மகனுக்கு உபதேசம் செய்தார். "இவருக்குக் குருவாகணும்னு ஆசையே இல்ல. வாள் சண்டை கத்துக்கிட்டிருந்த பிள்ளை. வீட்டுக்காகத் தலை குனிஞ்சாரு. அப்புறம் பிரான்சே அவருக்குத் தலை குனிஞ்சுது. என்ன தெரேஸ், நீதான் சரித்திர டீச்சர், சொல்லேன்."

"சொல்றேன் சாமி. முழுசாச் சொல்லட்டுமா?"

"சூப் ஆறிடும், சாப்பிடு," என்றார்.

அன்று சொல்லவிடாததை இங்கே சொல்கிறேன். கர்தினாலின் குடும்பத்துக்கு அரசர் ஓர் ஆயர் பதவியை, அதாவது பிஷப் பதவியை, கொடுத்திருந்தார். வருமானம் உள்ள பதவி, கைவிட மனமில்லை. முதலில் அண்ணனைத்தான் ஆயராக்குவதாக இருந்தார்கள். அவர் எனக்கு வேண்டாம் என்று கடுந்தவ மடம் ஒன்றில் போய் ஒளிந்துகொண்டார். உடனே படைக்குப் பழகிக்கொண்டிருந்த தம்பியைப் பிடித்து அங்கியை மாட்டினார்கள். ஆயராவதற்கு வயது கூடப் போதவில்லை. ரோமுக்குப் போய்ச் சலுகை வாங்கி வந்தார்கள். பையனைக் கேட்டார்களா என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

அப்படிக் கேட்காமல் அங்கி மாட்டப்பட்டவர் பிறகு யாரையுமே கேட்கவில்லை. அரசரின் தாயார்தான் அவரைக் கைதூக்கி விட்டார். அந்த அம்மாள் ஒருநாள் எதிர்த்து நின்றபோது, கர்தினால் அரசரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அந்தத் தாயை நாட்டை விட்டே விரட்டினார். பெற்ற தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்தவர். அந்தத் தாய் அந்நிய ஊரில் செத்தாள். பிரபுக்களின் கோட்டைகளை இடித்தார், ஊரெங்கும் ஒற்றர் வைத்தார். லா ரொஷேல் என்ற துறைமுகத்துப் புராட்டஸ்டன்டுகள் பணியவில்லை என்று கடலுக்குள்ளேயே அணை கட்டி ஊரைப் பட்டினி போட்டார். சோறில்லாமல் ஊருக்குள்ளிருந்து வெளியே தள்ளப்பட்ட பெண்களையும் கிழவர்களையும் முற்றுகைப் படை தாண்ட விடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வயலில் கிடந்து செத்தார்கள். இத்தனையும் கத்தோலிக்க மதத்துக்காகவா? அதுவும் இல்லை. கத்தோலிக்க அரசர்களை அடக்கப் பிறகு புராட்டஸ்டன்டு அரசரோடேயே கைகோத்தார். இதைத்தான் ராஜதந்திரம் என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. தப்பி ஓடிய அந்த அண்ணனையும் அவர் விடவில்லை. அதிகாரம் வந்ததும் மடத்திலிருந்து இழுத்து வந்து பேராயராக்கி, கர்தினாலும் ஆக்கினார். என் மூத்தவனை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பாஸ்காலைச் சாமியின் கண்ணிலிருந்து கொஞ்ச நேரமாவது கூட்டிப் போக வேண்டும் என்று, "கர்தினாலோட கல்லறையப் பாக்கணும்," என்றேன். சாமிக்குச் சந்தோஷம். "ஆகா, போயிட்டு வாங்க," என்று அனுப்பினார்.

மெத்ரோ மாறுகிற இடத்தில் கூட்டம். பாஸ்கால் ஏறிவிட்டான், எனக்கு முன்னால் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஏதோ சொல்கிறான், கேட்கவில்லை. வண்டி போய்விட்டது. ஒரு நிலையம் தாண்டி இறங்கித் திரும்பி வரக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அதற்குள் நான் அங்கேயே பலகையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த கறுப்பினப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைகள் திரும்பி வருவார்கள், மதாம். பெரியவர்கள்தான் வருவதில்லை," என்று பிரெஞ்சில் சொன்னாள்.

கல்லறை இருக்கும் சொர்போன் தேவாலயம் எப்போதும் பூட்டித்தான் இருக்குமாம். ஏதோ கண்காட்சி நடந்ததால் அன்று திறந்திருந்தது. வெள்ளைப் பளிங்கில் கர்தினால் சாய்ந்து படுத்திருக்கிறார். முதுகைத் தாங்க ஒரு பெண் சிலை, காலடியில் அழ இன்னொரு பெண் சிலை. செத்த பிறகும் அவருக்குப் பெண்கள்தான் ஊழியம். புரட்சிக் காலத்தில் சவப்பெட்டியை உடைத்துத் தலையைக் கொண்டுபோய்விட்டார்கள். பல காலம் கைமாறிக் கைமாறி முகம் மட்டும் திரும்பி வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அதை நினைத்தபோது எனக்கு இரக்கம் வரவில்லை.

கூரையிலிருந்து அவருடைய சிவப்புத் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. காவலாளி ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கர்தினால்களின் தொப்பியை இப்படித்தான் தொங்க விடுவார்கள். அது இற்று விழுகிற நாளில் அவருடைய ஆன்மா விடுதலையாகும் என்று பேச்சு."

அந்தக் குடும்பத்துச் சிறுமி அண்ணாந்து பார்த்துவிட்டு, "கயிறு புதிதாக இருக்கிறதே," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்காலும் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் என் பிள்ளை கொஞ்சம் வெளியே வந்தான்.

"உனக்குச் சாமியாராகணுமாடா?" என்றேன்.

அவன் பிரெஞ்சில் பதில் சொன்னான். மனசுக்குள் இருப்பதை அவன் இப்போது அந்த மொழியில்தான் சொல்கிறான். "எனக்குப் பாலம் கட்ட வேண்டும், அம்மா. ஆனால் நான் போகாமல் இருந்து அப்பா மறுபடியும் விழுந்தால்? நீ என் முகத்தைப் பார்ப்பாய். ஒன்றும் சொல்ல மாட்டாய். பார்ப்பாய்."

"பைத்தியமாடா நீ? அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சம்பந்தம் இல்லை என்று எனக்கும் தெரியும். பகலில் தெரிகிறது."

சரித்திரத்தில் நான் படித்த எந்த வாதமும் இதற்கு உதவாது. பயத்துக்குப் புத்தி சொல்ல முடியாது. அன்று இரவு சாமி மேல் இருந்த கோபத்தில் மதாம் லூர்து வைத்த பாற்கட்டித் தட்டைத் தள்ளிவிட்டேன். "இதையும் போய்ச் சொல்லுங்க உங்க சாமிகிட்ட," என்றேன். அந்த அம்மாள் முகம் சுருங்கி, "நான் சொல்றதில்லம்மா. அவரு கேக்கறாரு," என்றார்.

வெள்ளிக்கிழமை, தமிழ்க்கடைகள் நிறைந்த லா சாப்பலில் இறங்கி நடந்தேன். மேலே ரயில் இரும்புப் பாலத்தில் தடதடக்க, கீழே ஒரு தமிழ்க்கடை. மிளகாய்த்தூள் வாசனையில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைச் சாக்காக வைத்து நன்றாகவே அழுதுவிட்டேன். கடைக்காரர் சிவம் யாழ்ப்பாணத்துக்காரர். ஒன்றும் கேட்காமல் ஒரு சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார்.

"என்ன அக்கா, ஆருக்கேன் சுகமில்லையோ?"

முன்பின் தெரியாதவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு அவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "உங்கடை ஆக்கள் குடுக்க மட்டுந்தான் தெரிஞ்ச ஆக்களோ? எனக்கு முன்னாலை பிறந்த ரெண்டும் தங்கேல்லை எண்டு என்னைக் கோயில் வாசலிலை தவிட்டுக்கு வித்துப்போட்டு, அண்டைக்கே திருப்பி வாங்கினவை. அதாலைதான் நான் இண்டைக்கும் தவிட்டு விலைக்குச் சாமான் விக்கிறன். உவள் மனிசியைக் கேளுங்கோ, ஏசுவாள்."

கடையின் மூலையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் பிரெஞ்சுச் சரித்திரம் நடத்திய புத்தியில் அது எங்கோ அடியில் போய்க் கிடந்திருக்கிறது. எங்கள் பக்கத்திலும் அந்தோனியார் கோயிலில் அடிமை வைத்த பிள்ளையை மீட்பார்கள். பிள்ளையின் எடைக்கு எடை அரிசி. குருவானவர் செபம் சொல்லிப் பிள்ளையைப் பெற்றவள் கையில் கொடுப்பார். அலெக்சிசை மீட்கவே இல்லை. அதனால்தானே நேர்த்தி நிற்கிறது? நிற்கட்டும். திருப்பி வாங்கிவிட்டால் போகிறது.

சனிக்கிழமை காலையில் பாஸ்காலைத் தோசை தின்னலாம் என்று கூப்பிட்டுக் கடைக்குக் கொண்டுவந்தேன். மதாம் லூர்தும் கூடவே வந்தார், வேவு பார்க்கத்தான்.

"இதுல ஏறு," என்றேன்.

"அம்மா, எல்லாரும் பார்க்கிறார்கள்," என்றான் பிரெஞ்சில்.

"பாக்கட்டும். நேர்த்தின்னு சொன்னா நம்புறேல்ல? அப்ப மீட்பையும் நம்பு. ஏறு."

காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினான். கறிவேப்பிலை வாங்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். சிவம் குனிந்து பார்த்து, "அறுவத்தொண்டு. மூண்டு மூட்டையும் ஒரு கிலோவும். தம்பி, இண்டைக்குத் தோசை தின்ன முதல் வந்தது நல்லதாப் போச்சு, இல்லாட்டி அம்மாவுக்கு இன்னும் ஒரு கிலோ செலவு," என்றார்.

மூட்டைகளைக் குருமனைக்கு ஏற்றிப்போகலாம் என்றால் சிவத்தின் வண்டி அன்று பார்த்துக் கிளம்ப மறுத்தது. ஆளுக்கொரு மூட்டை, மதாம் லூர்து தன் காய்கறித் தள்ளுவண்டியில் ஒன்றை வைத்துக்கொண்டார். போர்த் த லா சாப்பல் நிறுத்தத்தில் பேருந்து ஏறும்போது அந்த மூட்டை கதவில் கிழிந்து அரிசி பேருந்துக்குள் நடைவழி முழுக்கக் கொட்டியது. நான் முழங்காலில் விழுந்து அள்ளினேன். எடை குறைந்தால் என்ன ஆகும் என்ற ஒரே நினைப்பு. ஓட்டுநர் வண்டியை எடுக்காமல் திரும்பி உட்கார்ந்து பார்த்தார். அராபியப் பையன் ஒருவன் தொப்பியில் அள்ளிக் கொடுத்தான். முன் இருக்கையில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். இவர்கள் கல்யாணத்தில்தான் அரிசி போடுவார்கள்.

"கல்யாணம் இன்னும் இல்லை, மதாம்," என்றேன். "இனிமேல் நடந்தாலும் நடக்கலாம்."

மதாம் லூர்து இருக்கைக்கு அடியில் கைவிட்டு ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "ஒரு கிலோ சேத்து வாங்கியிருக்கலாம்," என்று முணுமுணுத்தார். யார் பக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது.

குருமனை வாசலில் சனிக்கிழமை வரிசை, வழக்கத்தைவிட நீளம். அது எனக்கு முன்பே தெரியும். அதற்காகத்தான் அந்த நேரத்தில் போனேன். ராஜதந்திரத்தை நானும் பாடமாக நடத்தியவள்தானே. மூட்டைகளை வாசற்படியில் இறக்கினோம். சாமி வெளியே வந்தார்.

"என்னம்மா இது?"

"மீட்பு அரிசி, சாமி. எடைக்கு எடை. எம் பிள்ளையக் குடுங்க."

அவர் குரலைத் தாழ்த்தி, "தெரேஸ், இது பிரான்சு. இங்க இந்த வழக்கமெல்லாம் கிடையாது," என்றார்.

"நேர்த்தி மட்டும் கடல் தாண்டி வந்துச்சே சாமி. மீட்பு வராதா?"

"மீட்பெல்லாம் சின்னக் குழந்தைக்கு."

"மூத்தவன் மேல வச்ச நேர்த்திய இளையவன் மேல மாத்தினீங்களே, அது எந்தச் சட்டத்துல இருக்கு? அதைக் காட்டுங்க, நான் அரிசியத் தூக்கிட்டுப் போறேன்."

என் குரல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எனக்குக் கவலை இல்லை. வரிசையில் முதலில் நின்ற காரைக்கால் கிழவர் குல்லாயைக் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மீட்பு அரிசிய வாசல்ல வைக்கப்படாது. உள்ள கொண்டு போங்க." அவருக்குப் பின்னால் இருந்த இரண்டு பேர் வந்து மூட்டையைத் தூக்கினார்கள். சாமி வழிவிட்டார். வழிவிடாமல் என்ன செய்வார்? அத்தனை பேரும் அவருடைய ஆட்கள்.

கிழிந்த மூட்டையை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. கர்தினால் படத்துக்குக் கீழே பாஸ்கால் முழங்காலில் நின்றான். சாமி அவன் தலையில் கை வைத்து, ஊரில் சொல்வதுபோலவே தமிழில் செபம் சொல்லி முடித்து, அவன் கையைப் பிடித்து என் கையில் வைத்தார். என் பிள்ளை விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. வெளியே போய்க் காத்திருக்கச் சொல்லி அவனை அனுப்பினேன்.

சாமிக்குச் சொல்ல ஒரு கூடை வார்த்தை வைத்திருந்தேன். மாரடைப்பில் கிடந்த மனிதனைக் காட்டி ஒரு பையனை மிரட்டினீர்களே என்று தொடங்குவதாக இருந்தேன். அவர் மூட்டையின் கிழிசலில் கைவிட்டு அரிசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன கிலோ?"

"அறுபத்தொண்ணு."

"என்னையும் கோயிலுக்குன்னு கொண்டுபோய் விட்டப்ப எனக்கு ஒம்பது வயசு. நோஞ்சான். ஒரு மூட்டைகூட ஆகியிருக்காது." அரிசியை மூட்டைக்குள்ளேயே போட்டார். "அந்த வருஷம் நம்ம வயல்ல நல்ல விளைச்சல், தெரேஸ்."

பிறகு கதவைத் திறந்து வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பேருந்தில் பாஸ்கால் ஒரு முழு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டு வந்தான். மதாம் லூர்து ஜன்னல் பக்கம் தூங்கினார். என் கோபம் மட்டும் அப்படியே இருந்தது. சாமியை நான் மன்னிக்கவில்லை. ஆனால் களத்தில் அத்தனை நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு அந்த ஒன்பது வயதுப் பிள்ளையை மீட்க ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதவர்கள் மேல்தான் அது ஏறி உட்கார்ந்திருந்தது. அவர்கள் எல்லாரும் செத்துப்போய்விட்டார்கள். நின்று சண்டை பிடிக்க எனக்கு ஒருவர்கூட மிச்சமில்லை.